முன்பணம் கட்டிய பின் மனம் மாறினால்: தனியார் பல்கலைக்கழக இடத்தை விட்டுக் கலந்தாய்வு இடத்துக்குச் செல்லலாமா?

கேள்வி: விருதுநகர் அம்மா (14 ஜூலை 2024)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்கிறாள். மே மாதம் தேர்வு முடிவு வந்த சில நாட்களிலேயே, சென்னைக்கு அருகிலுள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பொறியியல் படிக்க இடம் தருவதாகச் சொன்னார்கள். நாங்கள் யோசிப்பதற்குள் அவர்களுடைய சேர்க்கைப் பிரிவிலிருந்து தினமும் தொலைபேசி வரத் தொடங்கியது. "இடங்கள் வேகமாக நிரம்பி வருகின்றன, முன்பணம் கட்டினால்தான் உறுதி" என்று அவர்கள் சொன்னதை நம்பி, நகையை வங்கியில் அடகு வைத்து ஒரு லட்சம் ரூபாயை முதல் பருவக் கட்டணத்தின் முன்பணமாகவும், பதினைந்தாயிரம் ரூபாயை விடுதிக்காகவும் கட்டினோம். அன்றே மகளுடைய மாற்றுச் சான்றிதழையும் பத்தாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ் இன்னும் எங்கள் கைக்கே வரவில்லை என்பதால் அது மட்டும் தப்பியது.

அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்கும் விண்ணப்பித்து வைத்திருந்தோம். ஜூலை 10ஆம் தேதி வெளியான தரவரிசைப் பட்டியலில் அவளுடைய கட்-ஆஃப் 186. சென்ற ஆண்டு இடம் பெற்றவர்களின் பட்டியலைப் பார்த்த அவளுடைய ஆசிரியர், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் அல்லது மின்னியல் பிரிவு கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்கிறார். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்குப் போகும் முதல் ஆள் இவள்தான். முதல் பட்டதாரிச் சான்றிதழும் கையில் இருக்கிறது. அதற்கான கல்விக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டுமே கிடைக்கும் என்பது இப்போதுதான் தெரிய வந்தது. தனியார் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளுக்கு ஆகும் செலவை உட்கார்ந்து கணக்குப் போட்டபோது, அந்தப் பணத்தில் எங்கள் ஊரில் ஒரு சிறிய வீடே கட்டிவிடலாம் என்று தோன்றியது. மகளும் திருநெல்வேலிக்குப் போகவே விரும்புகிறாள்.

கட்டிய பணம் திரும்ப வருமா என்பதே என் முதல் கவலை. ரசீதின் பின்புறத்தில் "செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்று அச்சிட்டிருக்கிறார்கள். மாற்றுச் சான்றிதழ் அவர்களிடம் இருக்கும்போது வேறு கல்லூரியில் எப்படிச் சேர்வது என்பதும் புரியவில்லை. இப்போதே விலகுவதாகச் சொல்லிவிட வேண்டுமா, அல்லது கலந்தாய்வில் இடம் உறுதியான பிறகு சொல்ல வேண்டுமா? என் கணவருக்கு இதில் இன்னொரு மனக்குறை உண்டு. ஒருவரிடம் சரி என்று பணத்தையும் கொடுத்துவிட்டுப் பிறகு பின்வாங்குவது முறையல்ல என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், திருச்சி

அம்மா, நான் ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் கலந்தாய்வு நடக்கும்போது முன்பணம் கட்டியவர்களில் ஒரு பகுதியினர் விலகுவார்கள் என்பது எல்லாக் கல்லூரிகளுக்கும் முன்கூட்டியே தெரியும். தெரிந்துதான் காத்திருப்போர் பட்டியலை வைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் விலகினால் அந்தக் கணினி அறிவியல் இடம் ஒரு வாரம்கூடக் காலியாக இருக்காது. ஆகவே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு முகூர்த்தத்துக்கு முதல் நாள் வேண்டாம் என்பதுதான் பிறருக்கு இழப்பு. வகுப்பு தொடங்கும் முன் எழுத்து மூலம் தெரிவித்து இடத்தை விட்டுக்கொடுப்பது அந்த வகையில் சேராது. அந்த இடத்துக்காகக் காத்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்கு அது நல்ல செய்தி.

ரசீதின் பின்புறம் என்ன அச்சிட்டிருந்தாலும் அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2024-25 கல்வியாண்டுக்கான கட்டணத் திருப்பிக் கொள்கையைக் கடந்த ஜூன் மாதம் அறிவித்திருக்கிறது. அதன்படி 2024 செப்டம்பர் 30 வரை சேர்க்கையை ரத்து செய்கிறவர்களுக்கும் வேறு கல்லூரிக்கு மாறுகிறவர்களுக்கும் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். அக்டோபர் 31 வரை விலகுகிறவர்களிடம் நடைமுறைச் செலவாக 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. கல்லூரியின் கையேட்டிலோ விளம்பரத்திலோ வேறு விதமாக எழுதியிருந்தாலும் இந்த விதியே செல்லும் என்று அதிலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் இதற்குக் கட்டுப்பட்டவையே. மீறும் நிறுவனத்தின் மீது, மானியத்தை நிறுத்துவது முதல் நிகர்நிலைத் தகுதியைத் திரும்பப் பெறப் பரிந்துரைப்பது வரை நடவடிக்கை எடுக்கலாம்.

இதற்கு முன்பே, 2018 அக்டோபரில் யுஜிசி விரிவான அறிவிக்கை ஒன்றை வெளியிட்டது. சேர்க்கையின் கடைசித் தேதியைக் கணக்கில் வைத்து, எத்தனை நாட்களுக்கு முன்னால் அல்லது பின்னால் விலகுகிறோம் என்பதற்கேற்ப 100, 90, 80, 50 விழுக்காடு என்று திருப்பித் தர வேண்டிய அளவு அதில் படிப்படியாக இறங்கும். கடைசித் தேதிக்குப் பின் முப்பது நாட்கள் கடந்துவிட்டால் ஒன்றும் இல்லை. இந்த ஆண்டு உங்களுக்கு அந்தப் படிக்கட்டு தேவையில்லை. ஆனால் அதே அறிவிக்கையில் உங்களுக்குப் பயன்படும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. எழுத்து மூலம் விண்ணப்பம் கிடைத்ததிலிருந்து 15 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒன்று. மாணவரின் அசல் சான்றிதழ்களை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, சேர்க்கையின்போது மாணவர் முன்னிலையில் சரிபார்த்து உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நகல் மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. மாற்றுச் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைப்பது தமிழ்நாட்டில் பழகிப்போன வழக்கம் என்பதால் பெற்றோர் யாரும் கேட்பதில்லை. நானே பெட்டி பெட்டியாக அடுக்கிப் பூட்டியிருக்கிறேன். மேலிடத்து உத்தரவு அப்படி.

விலகல் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. மகளும் நீங்களும் கையெழுத்திட்ட கடிதத்தில் விண்ணப்ப எண், பாடப்பிரிவு, ஒவ்வொரு ரசீதின் எண்ணும் தேதியும் தொகையும், பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கு, திருப்பித் தர வேண்டிய சான்றிதழ்களின் பட்டியல் ஆகியவற்றை எழுதுங்கள். காரணத்தை விரிக்க வேண்டாம். "வேறு கல்லூரியில் சேர இருப்பதால்" என்பதே போதும். பதிவாளர் பெயருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் ஒன்று, சேர்க்கைப் பிரிவின் மின்னஞ்சலுக்கு ஒன்று என இரு வழியிலும் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியுடன் முத்திரை வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். அசல் ரசீதை அவர்கள் கேட்பார்கள், நகலெடுத்துக்கொண்டு கொடுங்கள்.

விருதுநகர் அம்மா

மிக்க நன்றி ஐயா. ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். பணம் கட்டிய அன்று நூறு ரூபாய் முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழியிலும் மகளிடமும் என்னிடமும் கையெழுத்து வாங்கினார்கள். "படிப்பின் இடையில் விலகினால் எஞ்சிய ஆண்டுகளுக்கான கட்டணம் முழுவதையும் செலுத்தச் சம்மதிக்கிறோம்" என்று அதில் இருக்கிறது. நேற்று தொலைபேசியில் லேசாக விசாரித்தபோது, சேர்க்கைப் பிரிவிலிருந்த பெண் இந்தத் தாளைத்தான் நினைவுபடுத்தினார். மகளுக்கு வரும் நவம்பரில்தான் பதினெட்டு வயது நிரம்புகிறது. பக்கத்து வீட்டார், மாற்றுச் சான்றிதழ் தொலைந்துவிட்டதாகச் சொல்லிப் பள்ளியில் இன்னொன்று வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். இதெல்லாம் சரியா?

மறுமொழி: வழக்கறிஞர், மதுரை

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தொலையாத சான்றிதழைத் தொலைந்ததாகச் சொல்லி இன்னொன்று வாங்குவது பொய்யான அறிவிப்பு. நீங்கள் சட்டத்தின் பலமான பக்கத்தில் இருக்கிறீர்கள். அந்தப் பலத்தை இப்படி ஒரு காரியத்தால் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

முத்திரைத்தாள் விஷயத்தில் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டு இஸ்லாமிக் அகாடமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒரு கல்வி நிறுவனம் ஒரு பருவத்துக்கோ ஓராண்டுக்கோ உரிய கட்டணத்தை மட்டுமே வாங்கலாம் என்றும், மாணவர் நடுவில் போய்விடுவார் என்ற அச்சம் இருந்தால் அதிகபட்சமாக எஞ்சிய கட்டணத்துக்கு ஒரு பிணைப்பத்திரமோ வங்கி உத்தரவாதமோ கேட்கலாம் என்றும் சொன்னது. ஆகவே இப்படிப்பட்ட பத்திரம் எழுதி வாங்குவதே சட்டவிரோதம் என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் அந்தத் தீர்ப்பு பேசுவது படிப்பின் நடுவில் விலகிச் செல்லும் மாணவரைப் பற்றி. அப்படி ஒருவர் போனால் அந்த இடம் பட்டப்படிப்பு முடியும்வரை காலியாகவே கிடக்கும், நிறுவனத்துக்கு உண்மையான இழப்பு உண்டு. உங்கள் மகள் இன்னும் வகுப்பறைக்குள்ளேயே நுழையவில்லை. உங்கள் பத்திரத்திலும் "படிப்பின் இடையில்" என்றுதான் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தொடங்காத படிப்புக்கு இடை ஏது?

அப்படியே அது பொருந்தும் என்று வைத்துக்கொண்டாலும், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகையை எழுதி வைத்திருந்தாலும், மீறப்பட்டால் கிடைப்பது நியாயமான இழப்பீடு மட்டுமே. எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு, தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல. 1963ஆம் ஆண்டு ஃபதே சந்த் வழக்கிலிருந்து 2015ஆம் ஆண்டு கைலாஷ் நாத் வழக்கு வரை உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. கைலாஷ் நாத் வழக்கில், வைப்புத்தொகையை வைத்துக்கொண்ட அரசு அமைப்பு அதே மனையைப் பின்னர் அதிக விலைக்கு விற்றிருந்ததால், அதற்கு இழப்பே இல்லை என்று கூறிப் பணத்தைத் திருப்பித் தர உத்தரவானது. உங்கள் மகள் விட்ட இடத்தில் வேறொரு மாணவர் சேர்ந்து முழுக் கட்டணமும் கட்டிய பிறகு, பல்கலைக்கழகம் எந்த இழப்பைக் காட்டும்?

மகள் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்பதால் அவர் இட்ட கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது. 1903ஆம் ஆண்டு மோகரி பீபி வழக்கிலிருந்து நிலைத்திருக்கும் சட்டம் அது. உங்கள் கையெழுத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே "பிள்ளை மைனர், பத்திரம் செல்லாது" என்று தொலைபேசியில் வாதாடாதீர்கள். யுஜிசி விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், அதுவே போதும். சான்றிதழைப் பணத்துக்குப் பிணையாக நிறுத்தி வைப்பதைப் பொறுத்தவரை, கல்விச் சான்றிதழ் சந்தையில் விற்கும் பொருள் அல்ல, அதன் மீது பற்றுரிமை, அதாவது பாக்கிக்காகப் பிடித்து வைக்கும் உரிமை, கோர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. இதையும் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.

பணம் வராவிட்டால் எங்கே போவது என்பதிலும் ஒரு தெளிவு தேவை. பலர் உடனே நுகர்வோர் நீதிமன்றம் என்பார்கள். 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையத்தின் பேரமர்வு, கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, பயிற்சி மையங்கள் மட்டும் வரும் என்று தீர்ப்பளித்தது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. ஆகவே அந்தக் கதவை நம்பிக் காலத்தைக் கழிக்க வேண்டாம். யுஜிசியின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். அதற்கு மேல் முறையீட்டுக்குக் குறைதீர்ப்பாளர் ஒருவர் இருப்பார். சான்றிதழைத் தர மறுப்பதும் கட்டணத்தைத் திருப்பித் தராததும் அந்த ஒழுங்குமுறைகளின் கீழ் வரும் குறைகளே. அதோடு யுஜிசியின் இ-சமாதான் இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். வழக்குப் போடும் அளவுக்கு வந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுத் தாக்கல் செய்யலாம். ஆனால் என் அனுபவத்தில், விதியின் தேதியைக் குறிப்பிட்டு எழுதிய ஒரு கடிதமும் ஒரு புகார் எண்ணும் சேர்ந்தாலே பெரும்பாலான நிறுவனங்கள் இறங்கி வந்துவிடுகின்றன.

மறுமொழி: ஒரு மாணவரின் தந்தை, ஈரோடு

மேலே எழுதிய பெரியவர்கள் பணத்தைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் மாறுபட்ட ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். என் மகனும் இதே நிலையில் இருந்தான். அவனுக்குக் கலந்தாய்வில் அரசுக் கல்லூரி ஒன்றில் கட்டடப் பொறியியல் கிடைத்தது. உறவினர்கள் எல்லோரும் அரசுக் கல்லூரியை விடுவாயா என்று கேட்டார்கள். ஆனால் அவன் கணினி படிக்க வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லி வந்தவன். தனியார் பல்கலைக்கழகத்திலேயே தொடர்ந்தான், கடன் வாங்கினோம், இன்றுவரை அந்த முடிவில் எனக்குக் குறை இல்லை.

உங்கள் மகள் மே மாதம் கணினி அறிவியலைத் தேர்ந்தெடுத்தாள், இப்போது மின்னணுவியல் என்கிறாள். வீட்டின் பணக்கஷ்டத்தைப் பார்த்து அவள் சொல்கிறாளா, அந்தப் பாடத்தையே விரும்பிச் சொல்கிறாளா என்பதை அவளிடம் தனியாகக் கேளுங்கள். பணத்துக்காகத்தான் என்றாலும் அது தவறில்லை. எங்களுக்குக் கடனைத் தாங்கும் சம்பளம் இருந்தது, எல்லாக் குடும்பத்திலும் இருக்காது. அவள் எதற்காக மாறுகிறாள் என்பது உங்களுக்கும் அவளுக்கும் ஒன்றாகத் தெரிந்திருந்தால், நாளைக்கு ஒருவரை ஒருவர் குறை சொல்ல நேராது. கலந்தாய்வில் சுயநிதிக் கல்லூரிகளின் கணினி அறிவியல் இடங்களும் அரசு ஒதுக்கீட்டுக் கட்டணத்தில் கிடைக்கும், முதல் பட்டதாரிச் சலுகையும் அங்கே செல்லும் என்பதை நினைவில் வையுங்கள். திருநெல்வேலியா சென்னையா என்று இரண்டில் ஒன்றாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை.

மறுமொழி: விரிவுரையாளர், கலந்தாய்வு உதவி மையம்

எப்போது விலகுவது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். பொதுப்பிரிவுக் கலந்தாய்வு ஜூலை 29 அன்று தொடங்குகிறது. 186 என்றால் உங்கள் மகள் முதல் சுற்றிலேயே வந்துவிட வாய்ப்பு அதிகம். அந்தச் சுற்றில் விருப்பப் பட்டியலைப் பதிவு செய்து, தற்காலிக ஒதுக்கீடு வந்து, அதை ஏற்று, உறுதியான ஒதுக்கீட்டு ஆணை கையில் வரும்வரை தனியார் பல்கலைக்கழக இடத்தை விட வேண்டாம். யுஜிசி கொடுத்திருக்கும் செப்டம்பர் 30 என்ற நாள் வரை உங்களுக்குப் போதிய அவகாசம் இருக்கிறது. ஆசிரியர் சொன்ன வாய்ப்பு சென்ற ஆண்டுக் கணக்கு. இந்த ஆண்டு எந்தப் பிரிவுக்குப் போட்டி கூடும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு இடமும் இல்லாமல் நிற்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் எங்கள் மையத்தில் பார்க்கிறோம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் திரையில் சில தெரிவுகள் வரும். கிடைத்த இடமே போதும் என்றால் "ஏற்றுக்கொண்டு சேர்கிறேன்" என்பதைத் தேர்ந்தெடுத்து, குறித்த நாட்களுக்குள் அந்தக் கல்லூரிக்கே சென்று கட்டணம் செலுத்திச் சேர வேண்டும். பட்டியலில் அதற்கு மேலே உள்ள இடங்களுக்கும் காத்திருக்க விரும்பினால் "ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிய நகர்வு" என்பதைத் தேர்ந்தெடுத்து, உதவி மையத்துக்கு வந்து கட்டணத்தைச் செலுத்த வேண்டும். மேலே இடம் கிடைத்துவிட்டால் முதலில் கிடைத்த இடம் தானாகவே போய்விடும். பிறகு அதுதான் வேண்டும் என்று கேட்க முடியாது. இரண்டில் எதிலும் நாள் தவறினால் ஒதுக்கீடே ரத்தாகிவிடும். ஆகவே விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழாக உண்மையான விருப்ப வரிசைப்படியே நிரப்புங்கள். "இது நமக்குக் கிடைக்காது" என்று ஊகித்து நல்ல கல்லூரியைக் கீழே தள்ளுவதால் எந்தப் பயனும் இல்லை, இழப்பு மட்டுமே.

உங்களுக்கு நெருக்கடி வரப்போவது இந்த நாட்கணக்கில்தான். ஒதுக்கீடு கிடைத்த பிறகு மாற்றுச் சான்றிதழைக் கேட்கப் போனால், இன்று பதிவாளர் இல்லை, நாளை வாருங்கள் என்று அலைக்கழிக்க வாய்ப்புண்டு. ஆகவே விலகல் கடிதத்தை நிறுத்தி வைத்துவிட்டு, சான்றிதழைத் திருப்பித் தரும்படி மட்டும் இப்போதே தனியாக ஒரு கடிதம் கொடுங்கள். 2018 அறிவிக்கைப்படி அதை அவர்கள் வைத்துக்கொள்ளவே கூடாது என்பதால், கேட்பதற்கு நீங்கள் விலக வேண்டிய அவசியம் இல்லை. முதல் பட்டதாரிச் சலுகைக்கும் கல்விக்கடனுக்கும் அசல் தேவைப்படுகிறது என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. தர மறுத்தால், இன்னின்ன அசல்கள் எங்களிடம் இருக்கின்றன என்று பல்கலைக்கழகத்தின் முகப்புத்தாளில் ஒரு சான்றாவது எழுதி வாங்குங்கள். அதை ஏற்றுக்கொண்டு சில நாட்கள் அவகாசம் தரும் கல்லூரிகள் உண்டு. ஆனால் அது அந்தந்த முதல்வரின் மனதைப் பொறுத்தது.

விருதுநகர் அம்மா (2 செப்டம்பர் 2024)

பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன், என்னைப் போல் தவிக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம்.

ஈரோட்டு ஐயா சொன்னபடி மகளிடம் தனியாகப் பேசினேன். கணினி அறிவியலை அவள் தேர்ந்தெடுக்கவே இல்லையாம். தொலைபேசியில் அழைத்தவர்கள் அதைச் சொன்னார்கள், நாங்கள் தலையாட்டினோம், அவள் எதிர்த்துப் பேசவில்லை. இயற்பியலில்தான் அவளுக்கு ஆர்வம், மின்னணுவியல் என்றால் சந்தோஷம் என்றாள். விருப்பப் பட்டியலை அவளே உட்கார்ந்து நிரப்பினாள். திருநெல்வேலியிலேயே மின்னணுவியல் பிரிவு கிடைத்தது.

சான்றிதழுக்காக முதலில் கொடுத்த கடிதத்தை வாங்கவே மறுத்தார்கள். பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை வந்து சேர்ந்த பிறகு, நேரில் வரச் சொல்லி அவர்களே அழைத்தார்கள். போனபோது ஒரு பெரிய பதிவேட்டில் மகளின் பெயருக்கு நேராகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு இரண்டு அசல்களையும் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் அவளுக்கு மேலும் கீழும் இருந்த பல பெயர்களுக்கு நேராகவும் கையெழுத்துகள் இருந்தன. அதைப் பார்த்த பிறகு என் கணவர் முறை, முறையல்ல என்ற பேச்சை எடுக்கவில்லை. முத்திரைத்தாளைப் பற்றி அவர்களும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒதுக்கீட்டு ஆணை வந்த அன்றே விலகல் கடிதம் கொடுத்தோம். ஒரு லட்சத்தில் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதி வந்துவிட்டது. ஆனால் விடுதிக்கான பதினைந்தாயிரத்தைப் பற்றிக் கேட்டால், அது வேறு நிர்வாகம், விடுதிப் பணத்துக்கு யுஜிசி விதி பொருந்தாது என்கிறார்கள். இதையும் கேட்க வழி உண்டா? பிடித்த 1,000 ரூபாயையும் கேட்கலாமா?

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், திருச்சி

மகளுக்கு வாழ்த்துகள் அம்மா. செப்டம்பர் 30க்கு முன் விலகியதால் அந்த 1,000 ரூபாயையும் அவர்கள் பிடித்திருக்கக் கூடாது. விடுதிப் பணத்துக்கான ரசீதை எடுத்துப் பாருங்கள். காப்புத்தொகை என்றோ வைப்புத்தொகை என்றோ எழுதியிருந்தால் அது கட்டணமே அல்ல, முழுவதும் உங்களுடையது. விடுதிக் கட்டணம் என்று எழுதியிருந்தாலும், 2018 அறிவிக்கை கல்விக் கட்டணம் அல்லாத பிற கட்டணங்களையும் சேர்த்தே பேசுகிறது. உங்கள் மகள் அந்த விடுதியில் ஓர் இரவுகூடத் தங்கவில்லை. ரசீதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா, வேறு அறக்கட்டளையின் பெயர் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரே இருந்தால் "வேறு நிர்வாகம்" என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும். இரண்டு தொகையையும் சேர்த்து 16,000 ரூபாய் என்று குறிப்பிட்டு முதலில் அவர்களுடைய குறைதீர்க்கும் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். 15 நாட்கள் பார்த்துவிட்டு, அதன் நகலோடு இ-சமாதானில் பதிவு செய்யுங்கள். விதியின் தேதி தாண்டிவிட்டது என்று அவர்கள் சொல்ல இடம் கொடுக்காமல், மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.